கல்லாவை விட்டு எழுந்திருங்கள்: புது முதலாளிகளுக்கு ஒரு வழிகாட்டி

கடை திறந்து ஒரு வருடம் ஆவதற்குள் நம்மூர் முதலாளிகள் பலர் கல்லாவோடு ஒட்டிப்போகிறார்கள். மதியச் சாப்பாடு கேரியரில் கடைக்கே வருகிறது. மச்சினன் கல்யாணத்துக்கு மனைவியும் பிள்ளைகளும் மட்டும் போகிறார்கள். காய்ச்சல் அடித்தாலும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஷட்டரைத் தூக்க வேண்டியிருக்கிறது. "நான் இல்லைன்னா ஒரு வேலையும் நடக்காது" என்று சொல்லும்போது குரலில் சலிப்போடு கொஞ்சம் பெருமையும் இருக்கும். பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை. நாலு பேருக்குச் சம்பளமும் கொடுத்துவிட்டு, அவர்கள் பார்க்க வேண்டிய வேலையையும் நாமே பார்க்கிறோம் என்றுதான் அதற்குப் பொருள்.

மதுரையில் சிறு கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் கணக்குப் பார்ப்பது என் தொழில். கீழமாசி வீதி மளிகை மொத்தக் கடை, கே.புதூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை, விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை, மேலூர் ரோட்டில் ஓட்டல் என்று எல்லாவற்றையும் உள்ளே உட்கார்ந்து பார்க்கக் கிடைக்கிறது. லாபம் எவ்வளவு என்று புத்தகத்தில் தெரிந்துவிடும். முதலாளிக்கு ஆட்களை நடத்தத் தெரியுமா என்பது, அவர் அரை நாள் வெளியே போயிருக்கும்போது கடை எப்படி நடக்கிறது என்று பார்த்தால்தான் தெரியும். கீழே சொல்வது மூன்று பேர் முதல் இருபது பேர் வரை வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கு. வரிசையாகச் செய்யுங்கள், முதல் இரண்டு படிகளை மட்டும் தாண்டிக் குதிக்க வேண்டாம்.

1. ஒரு வாரம் கேள்விகளை எழுதுங்கள்

கல்லா பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு வையுங்கள். திங்கள் முதல் சனி வரை, ஆட்கள் உங்களிடம் வந்து கேட்கிற ஒவ்வொரு கேள்வியையும் அதில் குறித்துக்கொள்ளுங்கள். பதில் எழுத வேண்டாம். யார் கேட்டார், என்ன கேட்டார், அது போதும்.

ஒரு ஹார்டுவேர் கடை நோட்டில் ஒரு காலை நேரப் பக்கம் ஏறத்தாழ இப்படி இருந்தது: "பெயின்ட் டின்னைத் திருப்பிக் கொண்டாந்திருக்கார், வாங்கவா?" "பில்லுல நூறு ரூபா குறைக்கச் சொல்றார்." "கொத்தனார் கணக்குல எழுதச் சொல்றார், குடுக்கலாமா?" "ஆணி ரெண்டு இஞ்ச் தீர்ந்துபோச்சு." "டிரைவர் டீசலுக்குக் காசு கேக்குறார்." "அண்ணே, அந்தப் பெயின்ட்காரர் இன்னும் நிக்கிறார்."

இதில் முதலாளி மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்வி எது? கொத்தனாருக்குக் கடன் கொடுப்பது ஒன்றுதான். அதைக்கூட ஒரு தடவை முடிவு செய்து பட்டியல் போட்டுவிட்டால் அப்புறம் யாரும் வந்து கேட்க வேண்டியதில்லை. வாயால் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும்போது இது உறைக்காது. வார முடிவில் பேப்பரில் பார்க்கும்போது, ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்ப வாய் வலிக்கப் பதில் சொல்லியிருப்பது தெரியும்.

2. கேள்வியை விதியாக மாற்றுங்கள்

அடிக்கடி வந்த கேள்விகளுக்கு மட்டும் ஆளுக்குப் புரிகிற தமிழில் ஒரு வரி எழுதுங்கள். அதே ஹார்டுவேர் கடையை வைத்தே சொல்கிறேன்.

பில் இருந்து, மூடி திறக்காமல், ஏழு நாளுக்குள் கொண்டுவந்தால் யாரையும் கேட்காமல் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். கலர் கலந்து கொடுத்த பெயின்ட்டை வாங்கக் கூடாது. விலையில் 2 சதவீதம் வரை சேல்ஸ் பையனே குறைக்கலாம், 5 சதவீதம் வரை சீனியர், அதற்கு மேல் போனால் முதலாளி. கடன் யாருக்கு, எவ்வளவு வரை என்று ஒரு அட்டை கல்லாவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கும். கடைசிப் பெட்டியைப் பிரிக்கிறவர் யாரோ, அவர்தான் கரும்பலகையில் சரக்குப் பெயரை எழுத வேண்டும். சதவீதமும் நாளும் உங்கள் வியாபாரத்துக்குத் தக்கபடி மாறும். மளிகையில் 2 சதவீதம் விட்டால் லாபம் மொத்தமும் போய்விடும்.

விதி எழுதுவது சுலபம். அதைக் காப்பாற்றுவதில்தான் பெரும்பாலான முதலாளிகள் சறுக்குகிறார்கள். நடப்பது இதுதான். பையன் விதிப்படி "இல்லண்ணே, கலர் கலந்ததைத் திருப்பி எடுக்க மாட்டோம்" என்கிறான். வந்தவர் "உங்க ஓனரைக் கூப்பிடு, அவங்க அப்பா காலத்துல இருந்து எனக்குப் பழக்கம்" என்கிறார். உள்ளே இருந்து வருகிற முதலாளி சிரித்துக்கொண்டே, "அட நம்ம அண்ணனா, டேய், எடுத்து வைடா" என்கிறார். விதி அன்றோடு செத்தது. அந்தப் பையன் இனிமேல் எதற்கும் வாயைத் திறக்க மாட்டான். வாடிக்கையாளரும் இனிமேல் அவனிடம் பேசமாட்டார், நேரே கல்லாவுக்குத்தான் வருவார். அந்த டின்னின் விலையைவிட இது பெரிய நஷ்டம்.

"தம்பி சொன்னதுதாண்ணே. அதையெல்லாம் அவர்தான் பார்க்கிறார்" என்று சொல்லிப் பழகுங்கள். உண்மையிலேயே விட்டுக்கொடுக்க வேண்டிய ஆள் என்றால் பையனைத் தனியே கூப்பிட்டுக் காரணத்தைச் சொல்லி, அவன் கையாலேயே திருப்பி வாங்கச் சொல்லுங்கள்.

விதி வீட்டு ஆளுக்கும் உண்டு. கல்லாவிலிருந்து காசு எடுத்தால் சீட்டு எழுதிப் போட வேண்டும். மச்சான் எடுத்தாலும் சரி, அம்மா எடுத்தாலும் சரி, முதலாளியே டீக்கு இருபது ரூபாய் எடுத்தாலும் சரி. என் அனுபவத்தில் ஆட்கள் முதலாளியை மதிக்கத் தொடங்குவது இந்தச் சீட்டைப் பார்த்த பிறகுதான். மேடைப் பேச்செல்லாம் அப்புறம்.

3. சம்பளம், அட்வான்ஸ், போனஸ்

சம்பளத் தேதியைச் சொல்லுங்கள், அந்தத் தேதியில் கொடுங்கள். வசூல் வரவில்லை என்று ஐந்து நாள் தள்ளினால், அந்த ஐந்து நாளும் ஆள் வட்டிக்காரரிடம் நிற்கிறார். கையில் பணம் இல்லாத மாதம் எல்லோருக்கும் வரும். அப்போது மூன்று நாள் முன்பே சொல்லி, பாதியை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.

அட்வான்ஸ் விஷயம் நம் பக்கத்தில் தனிக்கதை. ஓட்டல்காரர்களைக் கேட்டால் பரோட்டா மாஸ்டர் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போன கதை ஆளுக்கு ஒன்று வைத்திருப்பார்கள். அதனால் சிலர் அட்வான்ஸே கிடையாது என்று இருக்கிறார்கள். சிலர் பெரிய தொகையாகக் கொடுத்து ஆளைப் பிடித்து வைக்கப் பார்க்கிறார்கள். இரண்டாவது சட்டப்படியே தப்பு. முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேலையை விட்டுப் போகவிடாமல் வைப்பது 1976-ம் வருடக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில் மாட்டும். நடுவழி இருக்கிறது. அட்வான்ஸுக்குத் தனி நோட்டு. ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் இல்லை. மாதம் எவ்வளவு பிடிப்பது என்று கொடுக்கும்போதே எழுதி இரண்டு பேரும் கையெழுத்து. ஆஸ்பத்திரிச் செலவுக்கும் பள்ளிக்கூட ஃபீஸுக்கும் மட்டும் இந்த வரம்பைத் தளர்த்தலாம். காதுகுத்துக்கும் மொய்க்கும் வரம்பு வரம்புதான். கறாராகத் தோன்றும், ஆனால் ஒருவருக்குக் கொடுத்து ஒருவருக்கு மறுத்தால் கிளம்புகிற புகைச்சலை இது தடுக்கும்.

தீபாவளி போனஸை முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்குக் கவரில் போட்டுக் கொடுக்கிற வழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் அவர் எந்தக் கடையில் போய்ப் பிள்ளைக்குத் துணி எடுப்பார்? இரண்டு வாரம் முன்னால் கொடுங்கள். வாங்கிக்கொண்டு ஓடிவிடுவார் என்று பயந்தால் பாதியை முன்னாலும் மீதியைத் தீபாவளி வாரத்திலும் கொடுக்கலாம். தொகை ஒன்றுதான், கிடைக்கிற நல்ல பேர் வேறு.

4. பத்து பேர், இருபது பேர்

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆள் எண்ணிக்கை பத்தைத் தொட்டால் ஈ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீடு வரும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் அதில் அடக்கம். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், உங்கள் பங்கு 3.25 சதவீதம். 12,000 ரூபாய் சம்பளத்துக்கு அவரிடம் பிடிப்பது 90, நீங்கள் போடுவது 390. இந்தத் தொகைக்குக் குடும்பத்துக்கே தத்தனேரி ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் வைத்தியம் கிடைக்கும். ஆள் விலகும்போது கொடுக்க வேண்டிய பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) பத்து பேரிலிருந்துதான். பெண்கள் வேலை பார்க்கிற இடத்தில் பாலியல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு அமைப்பதும் அப்படியே. 2013-ம் வருடச் சட்டம் அது. இருபது பேரானால் பி.எஃப்., அத்துடன் குறைந்தது 8.33 சதவீத போனஸ். குறைந்தபட்சக் கூலி மட்டும் ஒருவர் இருந்தாலும் உண்டு. அகவிலைப்படி ஏப்ரலில் மாறும், பார்த்துக்கொள்ளுங்கள். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி எல்லோருக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும். ஒரு பக்கத்தில் வேலை, சம்பளம், நேரம், வார விடுமுறை எழுதிக் கொடுத்தால் பின்னால் வருகிற பாதிச் சண்டை வராது.

பதிவேட்டில் ஒன்பது பேரோடு நிறுத்திக்கொள்கிற சாமர்த்தியம் பல இடங்களில் உண்டு. பத்தாவது ஆளுக்குக் கையில் அடிபட்ட அன்று அந்தச் சாமர்த்தியத்தின் விலை தெரியும்.

ஜவுளிக்கடைக்காரர்களுக்கு ஒன்று. வேலை செய்கிறவர் உட்கார இருக்கை போட வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் சட்டத்தில் 2021-ல் திருத்தம் கொண்டுவந்தார்கள். பேருக்கு ஒரு ஸ்டூலை மூலையில் போட்டுவிட்டு, யாராவது உட்கார்ந்தால் முறைக்கிற சூப்பர்வைசரை வைத்திருந்தால் பயனில்லை. ஆள் இல்லாத நேரத்தில் நீங்களே "உட்காருங்கம்மா" என்று சொல்ல வேண்டும். முதல் சில நாள் நம்ப மாட்டார்கள். காலையிலிருந்து நின்ற பெண், சாயங்காலம் ஆறு மணிக்கு வருகிற கல்யாணப் பார்ட்டிக்கு எப்படி முகம் சிரித்துச் சேலை விரிப்பார்?

5. அப்பா கடையை எடுத்து நடத்துபவர்களுக்கு

உங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு சித்திரைத் திருவிழா காட்டியவர்தான் உங்கள் கடையின் சீனியர். அவர் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார். விட்டுவிடுங்கள். "சார்" என்று கூப்பிடச் சொல்லிப் பார்த்த ஒரு கடை எனக்குத் தெரியும். பெரியவர் அதற்கப்புறம் எதுவுமே கூப்பிடுவதில்லை, பக்கத்தில் வந்து நின்று தொண்டையைச் செருமுவார்.

பில் போடுகிற மென்பொருளோ புது ரேக்கோ, எந்த மாற்றமாக இருந்தாலும் எல்லோரிடமும் சொல்வதற்கு முன் அவரிடம் தனியாகப் பேசுங்கள். "இப்படிச் செய்யலாம்னு இருக்கேண்ணே, எங்கே இடிக்கும்?" என்று கேளுங்கள். செய்யலாமா வேண்டாமா என்று கேட்டால் வேண்டாம் என்பார். எங்கே இடிக்கும் என்று கேட்டால் முப்பது வருட அனுபவம் வெளியே வரும். அவர் சொன்னதில் உருப்படியானதை எடுத்துக்கொண்டு, தேதி குறித்து மாற்றத்தைத் தொடங்குங்கள். தொடங்கிய பிறகு பழைய சிட்டை நோட்டும் கூடவே ஓடட்டும் என்று இரக்கப்பட்டால் இரண்டு கணக்கும் ஒத்துப்போகாது. ஒரு மாதத்துக்குப் பிறகு பழைய நோட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.

முடிவு உங்களுடையது என்பதும் அவருக்குத் தெரிய வேண்டும். அப்பா சாயங்காலம் கடைக்கு வந்து, நீங்கள் மாற்றியதைத் திரும்ப மாற்றுகிறார் என்றால், அதை வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். ஆட்கள் முன்னால் வேண்டாம்.

6. ஏசுவதற்கும் ஒரு முறை இருக்கிறது

மதுரையில் குரல் உயராமல் தொழில் நடக்காது என்று ஒரு நம்பிக்கை. லோடு இறங்குகிற நேரத்தில் சத்தம் போட வேண்டியிருக்கும், அதை யாரும் மனதில் வைத்துக்கொள்வதில்லை. மனதில் நிற்பது ஊர், குடும்பம், படிப்பு, சாதி இவற்றை இழுத்துச் சொல்கிற சொல். அது ஒரு தடவை வாயிலிருந்து வந்துவிட்டால் ஆள் வேலையில் இருந்தாலும் மனசு அங்கே இருக்காது. சாதியைச் சொல்லித் திட்டினால் வழக்கும் வரும்.

தப்பு நடந்தால் அன்றைக்கே, தனியாக, நடந்ததை மட்டும் சொல்லுங்கள்: "காலையில் அந்த ஆர்டரை எண்ணாமல் அனுப்பிவிட்டாய், இரண்டு பெட்டி குறைகிறது. இனிமேல் ஏற்றும்போது யார் எண்ணுவது?" கடைசிக் கேள்விக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். நீங்களே சொல்லிவிட்டால் அடுத்த தடவையும் நீங்கள்தான் சொல்வீர்கள்.

7. பொறுப்பைக் கைமாற்றுவது

இதற்கு உலகமே வந்து பார்க்கிற உதாரணம் நம்மூரிலேயே இருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே கவனிக்க வேண்டியது வேலையைப் பிரித்த விதம். கிராமங்களிலிருந்து பள்ளிப்படிப்பு முடித்த பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுக்கிறார்கள். பார்வையைச் சோதிப்பது, நோயாளியைத் தயார் செய்வது, ஆபரேஷன் அறையில் கருவி எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவர்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேஜை. ஒன்றில் அறுவை முடியும்போது அடுத்த மேஜையில் நோயாளி தயாராக இருப்பார். டாக்டர் செய்ய வேண்டியது டாக்டர் மட்டுமே செய்யக்கூடிய வேலை.

உங்கள் கடையில் அந்த வேலை எது என்று யோசியுங்கள். மொத்தக் கொள்முதல் பேரம், பெரிய பார்ட்டிகளைப் போய்ப் பார்ப்பது, பேங்க், புது ஆள் எடுப்பது. பெரும்பாலும் அவ்வளவுதான். மீதியைப் படிப்படியாகக் கைமாற்றுங்கள்.

முதலில் சில்லறைக் கொள்முதல்: 5,000 ரூபாய்க்குள் கவர், சணல், டீத்தூள் வாங்குவதை ஒருவரிடம் கொடுங்கள். நாலு ரூபாய் அதிகமாக வாங்கி வந்தால் பேசாமல் இருங்கள், அடுத்த தடவை வேறு இரண்டு கடையில் விலை கேட்டு வரச் சொல்லுங்கள். அடுத்து காலைச் சாவி. கடை திறப்பதை ஒருவரிடம் விட்டு நீங்கள் ஒரு மணி நேரம் தள்ளி வாருங்கள். அப்புறம் மதியம் இரண்டு மணி நேரக் கல்லா. கடைசியில் ஒரு முழு நாள்.

கல்லாவைக் கொடுக்கும்போது நம்பிக்கையைப் பற்றிப் பேச வேண்டாம், எண்ணிக் கொடுங்கள். "இதில் 3,000 இருக்கு, எண்ணிக்க." திரும்ப வாங்கும்போதும் அவர் முன்னாலேயே எண்ணுங்கள். ஆள் போனபிறகு ரகசியமாக எண்ணுவதும், காமிராவில் ஓட்டிப் பார்ப்பதும் இருவருக்கும் அசிங்கம். முன்னால் எண்ணினால் அது நடைமுறை. குறைந்தால் அப்போதே தெரியும், பழி வேறு யார் மேலும் விழாது.

அந்த முழு நாளில் கடைக்குப் போன் போடாதீர்கள். அவர்கள் போட்டால் எடுங்கள், "நீ என்ன செய்யலாம்னு நினைக்கிறே?" என்று கேட்டுவிட்டு அதையே செய்யச் சொல்லுங்கள். மறுநாள் காலை அந்தப் போன் அழைப்புகளை நோட்டில் எழுதினால், முதல் படியில் விட்டுப்போன கேள்விகள் எவை என்று தெரிந்துவிடும்.

8. லீவு காலண்டர்

ஜனவரியிலேயே தினசரிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மாதக் காலண்டர் மாட்டி, ஆளாளுக்கு வேண்டிய லீவை எழுதச் சொல்லுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இவற்றோடு ஐந்து பண்டிகை நாட்கள் சட்டப்படிச் சம்பளத்தோடு உண்டு. அதற்கு மேல்தான் மதுரையின் கணக்கு ஆரம்பம்.

ஊர் ஜல்லிக்கட்டுக்காக அவனியாபுரத்துக்காரர் தை 1 அன்று வரமாட்டார், பாலமேட்டுக்காரர் தை 2, அலங்காநல்லூர்க்காரர் தை 3. வீட்டில் மாடு வைத்திருந்தால் அதற்கு முந்தின வாரமும் கடையில் அரை ஆள்தான். மகா சிவராத்திரிக்கு உசிலம்பட்டிப் பக்கத்து ஆட்கள் குலசாமி கோயிலுக்குப் போயாக வேண்டும். "லீவு கிடையாது" என்றால் வேலையை விட்டுவிட்டுப் போவார்கள், அது அவர்கள் தப்பில்லை. சித்திரையில் திருக்கல்யாணம், மறுநாள் தேர், அழகர் ஆற்றில் இறங்குகிற நாள். தேர் மாசி வீதிகளைச் சுற்றுகிற அன்று அங்கே லோடு இறக்கவும் முடியாது, ஆகவே அந்த வாரச் சரக்கை முன்கூட்டியே வாங்கி அடுக்கிவிடுங்கள்.

ஒரே நாளில் எல்லோரும் கேட்டால்? போன வருடம் நின்றவருக்கு இந்த வருடம் முதல் உரிமை. அதைக் காலண்டரிலேயே எழுதி வையுங்கள், ஞாபகத்தை நம்ப வேண்டாம். நோன்புக்கும் ஈஸ்டருக்கும் லீவு எடுக்கிறவர் சித்திரை வாரத்தில் நிற்க ஒப்புக்கொள்வார். அவர் பண்டிகையில் மற்றவர்கள் நிற்க வேண்டும் என்று அப்போதே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

9. ஒருவர் விலகும்போது

நீங்கள் நன்றாகப் பழக்கிய ஆள் ஒரு நாள் போவார். துபாய்க்கோ திருப்பூருக்கோ போகலாம், இரண்டு தெரு தள்ளித் தானே கடை போடவும் போகலாம். தொழில் கற்றுக்கொடுத்தால் ஓடிவிடுவான் என்று கற்றுக்கொடுக்காமல் இருப்பவர்களிடம், கற்காத ஆள் போகாமல் இருப்பது எப்படி லாபம் என்று கேட்க வேண்டும்.

கணக்கை உடனே முடியுங்கள். புதுச் சட்டப்படி விலகிய இரண்டு வேலை நாளுக்குள் சம்பள பாக்கியைத் தீர்க்க வேண்டும். ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்குப் பணிக்கொடை உண்டு: கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, எத்தனை வருடமோ அத்தனையால் பெருக்குங்கள். 13,000 ரூபாய் சம்பளத்தில் ஆறு வருடம் இருந்தவருக்கு 45,000. இதை ஒரே நாளில் எடுத்து வைப்பது சிறு கடைக்குச் சிரமம். ஆகவே மாதாமாதம் ஒவ்வொருவர் பேரிலும் ஒரு தொகையைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு வையுங்கள்.

அட்வான்ஸ் பாக்கி இருந்தால் நோட்டைத் திறந்து அவர் முன்னாலேயே கழியுங்கள். சாவி, சிம் கார்டு, வாடிக்கையாளர் நம்பர் இருக்கிற போன் ஆகியவற்றை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஜிபே கணக்கில் அவர் நம்பர் சேர்ந்திருந்தால் அன்று மாலையே எடுத்துவிடுங்கள். கேட்டால் அனுபவச் சான்று கொடுங்கள். அவர் பார்த்த வேலைகளை அவரையே ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி வாங்கிவிட்டால், அடுத்து வருகிறவருக்கு முதல் நாள் கையில் கொடுக்க அந்தத் தாள் உதவும்.